எக்ஸ்ரே அக்கா

கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றதும் பேசமாட்டார். இரண்டு கைகளையும் கட்டில் கம்பியின்மேல் வைத்துக்கொண்டு, படுத்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். பத்து எண்ணும் நேரம். பிறகு போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்ப்பார். பெருவிரலை ஒருமுறை அழுத்தி விடுவார். அழுத்திய இடம் வெளுத்து, மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். "என்ன, ராத்திரி பூரா தூங்காம யாரைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க?" என்பார். படுத்திருப்பவர் பேச்சு இழந்தவராக இருந்தாலும் கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார், பதில் வந்துவிட்டதைப்போலத் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வார்.

எக்ஸ்ரே அக்கா என்று பெயர் வைத்தது அந்த இல்லத்தின் லிஃப்ட்காரர். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாத நோயாளிகளைக் கொண்டுவந்து விடும் இல்லம் அது. மூன்று மாடி. இரண்டாம் மாடியில் ஆண்கள் வார்டு, பன்னிரண்டு கட்டில்; அக்கா அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். ஜன்னலைத் திறந்தால் எதிரே டயர் கடை, மூடினால் டெட்டால் நாற்றம். லிஃப்ட்காரருக்கு ஒருநாள் வயிற்றில் லேசாக வலி. யாரிடமும் சொல்லவில்லை. அக்கா லிஃப்டில் ஏறி, இரண்டாம் மாடி வருவதற்குள், "வலது பக்கமா, இடது பக்கமா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் அவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை. அன்றிலிருந்து எக்ஸ்ரே அக்கா.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். கால் வீங்கும் என்பதால் இரண்டு அளவு பெரிய செருப்பு. சாயங்காலம்தான் அது காலுக்குச் சரியாக இருக்கும். காலையில் டப் டப்பென்று அடித்துக்கொண்டு வரும். சீருடைச் சட்டையின் பையில் ஒரு சின்ன டார்ச், ஒரு நகவெட்டி, நான்காக மடித்த துண்டுத் துணி. உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஜன்னல் ஓரம் நின்றபடி, டயர் கடையைப் பார்த்துக்கொண்டே ரொட்டியைக் கடித்து முடிப்பார். வந்து போகும் உறவினர்களிடம் "நல்லாயிடும்" என்று ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லுங்கள் என்று கெஞ்சியவர்களிடமும் சொல்லவில்லை. "எனக்குத் தெரிஞ்சதைக் கேளுங்க, சொல்றேன்" என்பார். இதனால் சிலருக்கு அவர்மேல் வருத்தம் உண்டு.

அவருடைய கணவர் லாரி ஓட்டியவர். முதுகெலும்பு போய் எட்டு வருடமாக வீட்டோடு கிடக்கிறார். அக்கா அவரைப் பதிமூணாம் கட்டில் என்றுதான் குறிப்பிடுவார். "இன்னிக்குப் பதிமூணாம் கட்டிலுக்கு வாய் ஜாஸ்தி. டீல சக்கரை இல்லையாம்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த வேலையினால். பிள்ளைகள் இல்லை.

என் அப்பா ஏழாம் கட்டில். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக முப்பது வருடம் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போனபோது, இருந்த சொற்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ரைட். பசித்தாலும் ரைட், பசி இல்லாவிட்டாலும் ரைட். என்னைப் பார்த்த சந்தோஷத்துக்கும் அதுதான், நான் கிளம்பும்போது வரும் கோபத்துக்கும் அதுதான். பெற்ற பிள்ளை நான் முழித்துக்கொண்டு நிற்பேன். அக்கா கதவருகில் இருந்தே, "திரும்பிப் படுக்கணுமாம்" என்பார். திருப்பிப் படுக்க வைத்தால் அப்பா அடங்கிவிடுவார். அப்பா அங்கே இருந்த ஏழு மாதமும் இப்படித்தான் போயிற்று.

நான் தினமும் மூன்று மணிக்குப் போய் ஆறு மணிவரை இருப்பேன். எனக்கு அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை. ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று, அச்சடித்த தாள்களை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் கட்டில் ஓரத்திலேயே பார்ப்பேன். அந்தச் சமயம் கையில் இருந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலச் சொல் பயிற்சி நூல். அதில் சேஞ்ச் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் இரண்டு பக்கம். ஆல்டர், மாடிஃபை, கன்வெர்ட், வேரி, ஷிஃப்ட் என்று இணைச்சொற்கள் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் பொருள் போடவேண்டும். எழுதிக் கொடுத்த ஆசிரியர் பதினான்குக்கும் 'மாற்று' என்று எழுதிவிட்டு வேலையை முடித்துக்கொண்டிருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு, திருத்து, திரி, உருமாறு, வேறுபடு என்று பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா அப்பாவுக்கு முதுகு துடைத்தபடி என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஒரு வார்த்தைக்கா இத்தனை பேப்பரு? இதெல்லாம் ஒரே அர்த்தந்தானா தம்பி?"

ஏறக்குறைய ஒன்றுதான், சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கிறது என்றேன்.

"சின்னதுன்னு சொல்லிட்டீங்க. எங்க வேலையே அந்தச் சின்னதைப் பாக்கறதுதான்" என்றார்.

அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள், இந்த வார்டில் யார் யார் எப்படி மாறியிருக்கிறார்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் விளையாடவில்லை. துணியைப் பிழிந்து வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து முதல் கட்டிலைப் பார்த்து ஆரம்பித்தார். முதல் கட்டில் தெளிஞ்சிருக்காரு. மூணாம் கட்டில் வாடியிருக்காரு, ஆனால் வாடினவர் தண்ணீர் உள்ளே போனால் நிமிர்ந்துவிடுவார், பயமில்லை. எட்டாம் கட்டில் முறுக்கிக்கிட்டு இருக்காரு, மருமகள் வந்து மூன்று வாரமாகிறது. ஒன்பதாம் கட்டில் இறுகிக்கிட்டு வர்றாரு, கை கால் மடக்க வரவில்லை. பதினோராம் கட்டில் பொழுது சாய்ந்தால் மங்கிவிடுவார், விடிந்தால் திரும்பிவிடுவார். ஐந்தாம் கட்டிலுக்கு வந்தபோது குரலைத் தணித்துக்கொண்டார்.

"அவரு கரையுறாரு. வாடுறது வேற, கரையுறது வேற. கரையறவரை ஒண்ணும் பண்ண முடியாது. பக்கத்துல உக்காந்துக்கலாம்."

ஐந்தாம் கட்டில் பத்து நாளில் காலியாயிற்று.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவரை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். அப்பா அப்படியே இருக்கிறார், அப்படியே இருப்பதும் ஒரு வேலைதான், அதை ஒழுங்காகச் செய்கிறார் என்றார். அப்பா "ரைட்" என்றார். அது எந்த ரைட் என்று நான் கேட்கவில்லை. அக்கா சொன்ன சொற்களையெல்லாம் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தேன். பதிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பரீட்சையில் இது வராது என்று அடித்துவிட்டார்.

இத்தனை சொல் வைத்திருந்தவருக்கு எழுத வாய்த்தது ஒரே சொல்தான். வார்டு நோட்டு என்று ஒன்று உண்டு. நீளமான கட்டுப் புத்தகம். கட்டில் எண், நேரம், நிலை, கையெழுத்து என்று கட்டங்கள். ஆரம்பத்தில் அக்கா நிலை என்ற கட்டத்தில் 'முகம் விழுந்திருக்கிறது', 'கண் உள்ளே போயிருக்கிறது' என்று எழுதிக்கொண்டிருந்தாராம். இது கதை எழுதுகிற நோட்டு இல்லை என்று மேனேஜர் கத்தியிருக்கிறார். மாற்றமில்லை, அல்லது மாற்றம் உண்டு. இந்த இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். மாற்றம் உண்டு என்று எழுதிவிட்டால் டாக்டரை வரவழைக்க வேண்டும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும், எழுதினவர் காரணம் காட்டித் தனியாக ஒரு தாள் நிரப்ப வேண்டும். டாக்டர் வந்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் எழுதினவருக்கு வசவு. எதற்கு வம்பு என்று எல்லாரும் மாற்றமில்லை என்றே எழுதப் பழகிவிட்டார்கள்.

அதிலும் ஒரு குறுக்குவழி இருந்தது. காலை சரியாகப் பத்து மணிக்குத் தலைமை நர்ஸ் வந்து நோட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் ஒன்பதரை மணிக்கு ஊழியர் அறையில் டீ குடிக்கும்போதே வேலையை முடித்துவிடுவார்கள். முதல் கட்டிலுக்கு எதிரே மாற்றமில்லை என்று எழுதி, அங்கிருந்து பன்னிரண்டாம் கட்டில்வரை மேலிருந்து கீழாக ஒரே கோடு. கீழே கையெழுத்து. அதற்குப் பிறகுதான் வார்டுக்குப் போய்ப் பார்ப்பது. பார்த்ததில் ஏதாவது இருந்தால் பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இதற்குக் கோடு இழுக்கிறது என்று பெயர். எக்ஸ்ரே அக்கா ஒருவர்தான் கோடு இழுக்காதவர். பன்னிரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பன்னிரண்டு தடவை அந்தச் சொல்லை எழுதுவார். நோட்டைப் புரட்டினால் அவர் வேலை பார்த்த நாள் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அவர் கோடு இழுத்தது ஒரே ஒரு நாள்தான். நடந்ததைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன் என்றாலும் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

அன்று பக்கத்து வார்டு ஊழியர் வரவில்லை. இருபத்துநான்கு கட்டிலையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எட்டரை மணிக்கு இரண்டாம் கட்டில்காரர் மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டார். மூக்கில் ரத்தம், படுக்கையெல்லாம் ஈரம். அவரைக் கழுவி, துணி மாற்றி, கையைப் பிடித்துச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் பத்து அடிக்க ஐந்து நிமிடம். தலைமை நர்ஸ் வாசலில் வந்து நின்றுகொண்டு கையை நீட்டினார். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் கட்டிலுக்கு எதிரே மாற்றமில்லை என்று எழுதி, கோட்டை இழுத்தார். கோடு ஏழாம் கட்டிலைக் கடந்து போயிற்று. பிறகு பக்கத்து வார்டில் கூப்பிட்டார்கள், ஓடினார். ஏழாம் கட்டிலுக்கு அவர் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து.

கால்மாட்டில் நிற்கத் தேவையே இருக்கவில்லையாம். கதவிலேயே தெரிந்துவிட்டது. நல்லாயிருந்த இடது பக்கமும் விழுந்திருந்தது. தலையணை நனைந்து, அந்த ஈரம் ஓரங்களில் காய ஆரம்பித்திருந்தது. நேரமாகியிருக்கிறது என்பதை அதை வைத்துக் கண்டுகொண்டாராம். அப்பாவின் கண் மட்டும் திறந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ். அச்சகத்துக்கும் அப்போதுதான் ஆள் வந்து சொன்னான். பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் எல்லாரையும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். எப்போ ஆரம்பிச்சது? மூன்று நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் மருந்து செலுத்திப் பார்த்திருக்கலாம் என்றார். எப்போது ஆரம்பித்தது என்று சொல்லக்கூடிய ஆள் அங்கே யாரும் இல்லை. அப்பா மூன்றாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தார்.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்றே, நான்கு மணிக்கு, மேனேஜர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். மேஜைமேல் நோட்டு, வெள்ளை மை புட்டி, பேனா. ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், யாருக்கும் சேதமில்லை, இதை எவனும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை என்றாராம். இல்லாவிட்டால் வேலை போகும், போலீஸ் வரும், பதிமூணாம் கட்டிலை யார் பார்ப்பது என்று அதையும் அவரே கேட்டிருக்கிறார். அக்கா கோட்டின்மேல் ஏழாம் கட்டிலுக்கு நேராக வெள்ளை மையைத் தடவினார். காய்ந்ததும் மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதினார். 9.45. மாற்றம் உண்டு. டாக்டரிடம் சொல்லப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சம்மதம் கேட்டு மகனுக்கு இரண்டு முறை தொலைபேசி. எடுக்கவில்லை.

டாக்டர், மேனேஜரின் மைத்துனர். ஆகவே அந்தப் பக்கம் சிக்கலில்லை.

மகனுக்குத்தான் சிக்கல். நான் கைப்பேசி வைத்துக்கொள்ளாதவன். அது என் கிறுக்கு. இல்லத்தின் படிவத்தில் அச்சகத்தின் எண்ணைக் கொடுத்திருந்தேன். இயந்திரம் ஓடும்போது அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. மேனேஜர் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்து, என் தங்கையின் எதிரில் அந்த விஷயத்தை மெதுவாக எடுத்துவிட்டார். உங்களைக் குறை சொல்லவில்லை, நாங்களும் இரண்டு தரம் முயற்சி செய்தோம், சம்மதம் இல்லாமல் ஆளை நகர்த்த எங்களுக்கு விதி இல்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இந்த மனுஷர் அதை என் தட்டிலேயே மறைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு போனார்.

"ஒரு போன் வச்சிருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்று தங்கை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, வேறு எந்தப் பேச்சையும் என்னிடம் எடுக்கவில்லை. அச்சகத்தில் தொலைபேசி இருக்கும் மேஜையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை அடித்திருக்கிறது, நான் பக்கத்து அறையில் காற்புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன் என்ற நினைப்பு. மூன்று மணி நேரம் அப்பா அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார், என்னால். அவர் இறந்த எட்டாம் நாள் ஒரு கைப்பேசி வாங்கினேன். அதில் என்னைக் கூப்பிட ஆள் யாரும் இல்லை. அந்தப் பயிற்சி நூலில் அடுத்த மூன்று பாரங்களை, நாற்பத்தெட்டுப் பக்கத்தை, நான் பார்த்த லட்சணத்துக்கு, பக்கத்துக்கு நாலு பிழை. பதிப்பாளர் துக்க வீடு என்று பொறுத்துக்கொண்டார்.

அக்கா இப்போது அந்த இல்லத்தில் இல்லை. வேறு எந்த இல்லத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவருடைய வேலைச் சான்றுத் தாளில் மேனேஜர் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருகிறார். ஒரு நாளைக்கு ஐந்து வீடு. பஸ்ஸுக்கு நிற்கும்போது சில சமயம் பார்ப்பேன். அவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"நல்லதா மட்டும் எழுதிடாதீங்க தம்பி. கோடு போட்டதையும் எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால்தான் பொய். கோபம் இருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்று லிஃப்ட்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார். சறுக்கியது யானை, அடியில் நசுங்கியது எங்கள் அப்பா. ஏழு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவர், பார்க்காமல் விட்ட அந்த ஒரு காலைப் பொழுதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதே சமயம், அந்த ஏழு மாதமும் அப்பா பேசிய ஒற்றைச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா இறந்த பதினாறாம் நாள் கடைசியாக அந்த இல்லத்துக்குப் போனேன். காலை பதினோரு மணி. மேனேஜர் அறையில் அப்பாவின் பொருள்களை ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடி, இரண்டு சட்டை, சவரச் சாமான், டிப்போவில் கொடுத்த கைக்கடிகாரம். பராமரிப்பில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று ஒரு தாள் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. என் மனத் திருப்திக்காக என்று மேனேஜர் வார்டு நோட்டையும் திறந்து, ஏழாம் கட்டிலுக்கு நேரே இருந்த வரியைக் காட்டினார். எடுக்கவில்லை என்று இருந்தது. அக்காவின் குண்டு எழுத்து. பிழை பார்த்தே வயதான கண் என்னுடையது. அடியில் வெள்ளை மை இருப்பது அதற்குத் தெரியாமல் இல்லை. வேலை நெருக்கடியில் எழுதுபவர்கள் தப்பாக எழுதித் திருத்தியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். குற்றம் என்னுடையது என்று முடிவாகிவிட்டவனுக்கு வேறு எங்கே தேடத் தோன்றும்?

கையெழுத்துப் போடும் முன் அக்காவைப் பார்த்து ஒரு நன்றி சொல்லவேண்டும் என்றேன். அவர் வேலையாக இருப்பார் என்று மேனேஜர் இழுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் கூப்பிட்டனுப்பினார்.

அக்கா வந்து கதவுக்கு உள்ளே ஓரமாக நின்றார். துக்கம் விசாரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒருவரின் முகத்தைப் பார்க்காமல் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் எழுந்து கை கூப்பினேன்.

"ரொம்ப நன்றி அக்கா. நீங்க சரியான நேரத்துக்குப் பாத்துச் சொல்லியிருக்கீங்க. ரெண்டு தடவை போன் அடிச்சிருக்கு, நான்தான் எடுக்கல. அப்பாவை நான்தான்..."

அக்கா நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். அதே பத்து எண்ணும் நேரம். என் முகத்தில் எந்தச் சொல்லைப் படித்தாரோ தெரியாது. அந்த நோட்டில் எழுதியது எவனும் பார்க்காத ஒரு வரி என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தாராம். அதை எடுத்துக்கொண்டு போய் என் தலையில் வைத்திருக்கிறார்கள் என்பது அந்த நிமிடம்வரை அவருக்குத் தெரியாது.

மேஜைக்கு வந்தார். நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க வார்டுக்குப் போங்க" என்றார் மேனேஜர்.

"உங்களுக்கு யாரும் போன் பண்ணல தம்பி" என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "பத்து மணிக்கு நான் அப்பாவைப் பாக்கவே இல்ல."

மேனேஜர் எழுந்து நோட்டின் ஓரத்தைப் பிடித்தார். அக்கா இடது உள்ளங்கையைப் பக்கத்தின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரல் நகத்தால் ஏழாம் கட்டிலுக்கு நேரே சுரண்ட ஆரம்பித்தார். காய்ந்த வெள்ளை மை பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. அதன்மேல் எழுதியிருந்த 'எடுக்கவில்லை' துண்டு துண்டாக உதிர்ந்தது. 'டாக்டரிடம்' போயிற்று, '9.45' போயிற்று. தாள் கிழியாமல், புண்ணில் ஒட்டிய துணியை எடுப்பதுபோல நிதானமாகச் சுரண்டினார். அடியிலிருந்து நீல மைக் கோடு மேலே ஆறாம் கட்டிலிலிருந்து வந்து, ஏழில் நிற்காமல், எட்டுக்கு இறங்கிப் போவது முழுதாகத் தெரிந்தது. அக்கா குனிந்து தூளை வாயால் ஊதினார். நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, கோட்டின்மேல் விரலை வைத்தார். நான் பார்த்து முடிக்கும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.